மருதாணி நகர்ந்த தூரம்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். இன்று மாலை பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசிய பெரியவர்கள், மரகதம் டீச்சர் எப்போதும் சிரித்த முகமாக இருப்பார், சோர்வு என்றால் என்னவென்றே அறியாதவர் என்று சொன்னார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் அது உண்மை இல்லை. பத்தாம் வகுப்பில் அவரிடம் பூகோளம் படித்த நாம் எல்லோரும் அறிவோம். டீச்சர் எப்போதும் களைப்பாக இருந்தார். அந்தக் களைப்போடுதான் பாடம் நடத்தினார். அதை மறைத்துவிட்டால் டீச்சரில் பாதியை மறைத்ததாகும். நமது கையெழுத்துப் பத்திரிகையை இனி வரும் வகுப்புகளும் படிக்கும். அவர்களுக்கு அவர் இருந்தபடியே தெரிய வேண்டும்.

செய்தியைக் கொண்டுவந்தவர் குப்பம்மா. கொத்தவால் சாவடியில் காய் வாங்கிக் கூடையோடு ரயிலேறி, நம் கும்மிடிப்பூண்டிச் சந்தையில் விற்பவர். டீச்சர் வரும் அதே பாசஞ்சரில் தினமும் வருவார். அன்று திங்கட்கிழமை, முதல் பாடம் பூகோளம். கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ரயில் ஊதும் சத்தம் கேட்டு நெடுநேரம் ஆகியும் டீச்சரைக் காணவில்லை. வாசலில் குப்பம்மா வந்து நின்றார். தலையில் கோணிப்பையை மடித்துப் போட்டிருந்தார். கையில் டீச்சரின் குடையும் டிபன் பாக்ஸும் இருந்தன.

"உங்க டீச்சரை எயுப்பினேன் கண்ணு. பொன்னேரி தாண்டச்சொல்லோ ஒருவாட்டி எயுப்பினேன். ஸ்டேசன் வந்துட்சும்மான்னு இன்னொருவாட்டி எயுப்பினேன். எயுந்துக்கல."

முன் பெஞ்சில் இருந்தவர்கள், "எழுந்துக்கலன்னா?" என்று கேட்டார்கள்.

"எயுந்துக்கல" என்றார் மறுபடியும். குடையை மேஜைமேல் வைத்தார். டிபன் பாக்ஸை வைக்க மனம் வராமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். "கட்டிக்கினு வந்த சோறு அப்டியே கீது" என்று சொல்லிவிட்டு, அதையும் வைத்துவிட்டுப் போனார்.

டீச்சரின் வீடு கடம்பத்தூரில். அங்கே ஒரு ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, மறு ரயில் பிடித்து இங்கே வர வேண்டும். அவருடைய கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தார். விடிவதற்கு முன்னால் அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, பகலுக்குப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுவார். இங்கே வந்து சேரும்போது புடவையெல்லாம் ரயில் எஞ்சின் கரித்தூளாக இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மணி அடிக்கும்வரை எழ மாட்டார். "நான் உக்காந்து சொல்றேன், நீங்க உக்காந்து கேளுங்க. பூமி மட்டும் நிக்காம சுத்தட்டும்" என்பார். நாம் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். உண்மையாகவே கால் வலிக்கிறது என்பதை நாம் புரிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின.

அவர் விரும்பியது ஒன்றே ஒன்றுதான். கடம்பத்தூர்ப் பள்ளியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே மாற்றல் கிடைத்தால் நடந்தே பள்ளிக்குப் போகலாம். மதியம் வீட்டுக்கு வந்து கணவருக்குத் தன் கையால் சாப்பாடு கொடுக்கலாம். இதை அவர் நமக்கு ஒளிக்கவில்லை.

ஒருநாள் ரயிலில் தூங்கி, நம் ஊரைத் தாண்டி வடக்கே ஆந்திர எல்லைப்பக்கம் இருக்கும் எளாவூரில்தான் கண்விழித்தார். திரும்பிவர ரயில் இல்லை. சோதனைச்சாவடியில் நின்ற ஓர் ஆந்திர லாரியில் ஏறி, முதல் பாடம் முடியும் நேரத்தில் வகுப்புக்குள் நுழைந்தார். அவர் உட்கார்ந்ததும் முன் பெஞ்சு முழுவதும் தும்மத் தொடங்கியது.

"இன்னா டீச்சர், ஊருகாய் போட்டுக்கினு வந்தியா?" என்றாள் எல்லம்மா.

எல்லம்மாவை இந்த வகுப்புக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம். எளாவூரில் மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். யாரை நீ என்பது, யாரை நீங்கள் என்பது என்ற கணக்கு அவளிடம் இல்லை.

"மொளகா மூட்டை லாரிடி. டிரைவரு டப்பு வேணாம்னுட்டான். டீச்சரம்மான்னு மரியாதையா முன்னால உக்கார வெச்சான். தும்மி முடிச்சிங்கன்னா அட்லஸை எடுங்க" என்றார் டீச்சர். அன்றிலிருந்து அவரை எழுப்பிவிடும் பொறுப்பைக் குப்பம்மா தானாகவே எடுத்துக்கொண்டார்.

ஆடி மாதத் தொடக்கத்தில் 'மலைகளின் தோற்றம்' பாடம் வந்தது. பூமி ஆதியில் நெருப்புக் கோளமாக இருந்தது, ஆற ஆறச் சுருங்கியது, பழம் வற்றினால் தோல் சுருங்குவதுபோல அதன் மேற்பரப்பு சுருங்கியது, அந்தச் சுருக்கங்களே மலைகள் என்று பாடத்தில் இருக்கிறது. டீச்சர் அதை ஒழுங்காக நடத்தினார், நாமும் மனப்பாடம் செய்தோம். அடுத்த வாரம் ஓர் ஆங்கிலப் பத்திரிகையோடு வந்தார். அட்டை கிழிந்திருந்தது. பேசின் பிரிட்ஜ் பெஞ்சில் யாரோ படித்துவிட்டுப் போட்டுவிட்டுப் போனதாம். மீஞ்சூர் வரும்வரை தூங்காமல் படித்தேன் என்றார். அவர் தூங்கவில்லை என்பதே நமக்குச் செய்தியாக இருந்தது.

"பூமி சுருங்கலையாம். மேல்தோடு ஒரே ஓடா இல்லாம பல துண்டா ஒடைஞ்சி இருக்குதாம். ப்ளேட்டுன்னு எழுதியிருக்காங்க. சாப்பிடற தட்டுன்னு நெனச்சிக்காதீங்க. கோடையில ஏரி காஞ்சி வெடிச்சா பாளம் பாளமா நிக்குமே, அந்த மாதிரி. கண்டமும் கடலும் அந்தப் பாளத்துமேல குந்திக்கினு இருக்குது. அது நகருது. அதுகூடவே இதெல்லாம் நகருது."

"ஏரிப் பாளம் எங்கியும் போவாதே டீச்சர்" என்றாள் எல்லம்மா. "நாம கீற பாளம் எங்க போவுது?"

"வடக்க."

"அப்போ எளாவூர் தாண்டிடுவோமா?"

"எளாவூரும் நம்மகூடத்தான்டி வருது. செக்போஸ்ட்டை நீ தாண்டவே முடியாது."

பிறகு விவரமாகச் சொன்னார். நம் நாடு ஒருகாலத்தில் தெற்கே வெகுதூரத்தில், ஆப்பிரிக்காவோடும் தென்துருவக் கண்டத்தோடும் ஒட்டியிருந்தது. பிரிந்து, நினைத்துப் பார்க்க முடியாத காலம் நகர்ந்து வந்து, ஆசியாவோடு மோதியது. இடையில் கிடந்த கடலின் தரை நசுங்கி, மடிந்து, மேலே எழுந்தது. அதுதான் இமயமலை. இன்னும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால்தான் அங்கே நிலம் நடுங்குகிறது. மலையின் உயரத்தில் உள்ள பாறைகளில் கடல் சிப்பிகள் பதிந்திருக்கின்றன.

"எங்க நைனா பழவேற்காட்டுல கிளிஞ்சல் வாருது. மலைக்கு மேல யாரு டீச்சர் கொண்டுபோயி கொட்டுனது?"

"யாரும் கொட்டல. அந்த மலைதான் கடல்லேர்ந்து எழுந்து போயிருக்குது."

எல்லம்மா அன்று முழுவதும் வேறு எதுவும் கேட்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

நகர்த்துவது எது என்று நான் கேட்டேன். பூமிக்கு உள்ளே இருக்கும் சூடு என்றார். எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "எழுந்துக்கச் சொல்றியா" என்று பெருமூச்சுவிட்டு, நம்மை மதிய உணவுக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். அங்கே சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பவுடர் பால் அண்டாவில் காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னா டீச்சர், படையோட வந்துட்டே" என்றார் சமையல் ஆயா.

"குடிக்க வரலம்மா. ஆடையைப் பாக்க வந்தோம்."

"பாத்துட்டுப் போங்க. கைய வெச்சா கரண்டிதான்."

டீச்சர் விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார். நாம் அண்டாவைச் சுற்றி நின்றோம். நடுவில் பால் மெல்ல மேலெழும் இடத்தில் ஆடை பிளந்தது. பிளந்த துண்டுகள் ஓரத்தை நோக்கி நகர்ந்தன. ஓரிடத்தில் இரண்டு துண்டுகள் முட்டிச் சுருக்கம் விழுந்தது. இன்னோரிடத்தில் ஒன்று மற்றொன்றின் கீழே நுழைந்து மறைந்தது. நடுவில் பிளக்கிற இடம் கடலுக்கு அடியில் புதுத் தரை உண்டாகும் இடம், முட்டிச் சுருங்குவது இமயமலை, கீழே நுழைவது ஆழ்கடல் பள்ளம், அதை ஒட்டித்தான் ஜப்பான் போன்ற நாடுகளில் எரிமலைகள் என்று விறகுக் கட்டிலிருந்தே டீச்சர் சொல்லிக்கொண்டு வந்தார். பால் மாதிரி இது ஓடாது, கல்லாகத்தான் இருக்கும், கல்லும் அந்தச் சூட்டில் மெதுவாக நகரும் என்றும் சொன்னார்.

"நம்ம ஊர்ல ஏன் டீச்சர் ஒண்ணும் ஆடல?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஓரத்துல இருக்கிறவங்களுக்குத்தான் பேஜாரு. நாம நடுவுல குந்திக்கினு இருக்கோம்."

பால் ஆறிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "எல்லாம் நின்னுடும். அதுக்கு ரொம்பக் காலம் இருக்குது. எனக்கு நாளைக்குக் காலைல ரயில் வருமான்னுதான் கவலை" என்றார்.

பாளம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதற்கு அந்தப் பத்திரிகையில் ஒரு கணக்கு இருந்தது. ஏறக்குறைய நம் கைந்நகம் வளரும் வேகம். நகம் வளர்வது யாருக்குத் தெரிகிறது என்று நாம் கேட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமை எல்லம்மா ஒரு டப்பா நிறைய அரைத்த மருதாணி கொண்டுவந்தாள். ஆடி மாதம் எல்லா வீட்டிலும் வைப்பதுதான். மதிய இடைவேளையில் வகுப்பு முழுவதும் நகத்துக்கு வைத்துக்கொண்டது. டீச்சர் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். எல்லம்மா அவர் கையை மெல்ல எடுத்து ஒவ்வொரு நகத்துக்கும் வைத்தாள். கடைசி விரலில் டீச்சர் விழித்துவிட்டார்.

"இன்னாடி இது, எனக்குக் கல்யாணமா?"

"இல்ல டீச்சர். இந்தியா."

டீச்சர் கையைப் பார்த்தார். துடைக்கவில்லை. காயும்வரை கையை அப்படியே வைத்துக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடினார்.

அதன்பிறகு திங்கட்கிழமைதோறும் எல்லோரும் கைகளை மேஜைமேல் நீட்டினோம். நகத்தின் அடியில், சிவப்பு தொடங்குவதற்கு முன்னால், வெள்ளையாக ஒரு பிறை தெரியத் தொடங்கியது. அந்தப் பிறையின் அகலம்தான் மருதாணி வைத்த நாளிலிருந்து நம் நாடு வடக்கே போன தூரம். முதல் திங்கட்கிழமை ஒன்றும் தெரியவில்லை என்று குறைப்பட்டோம். "பாத்துக்கினே இருந்தா தெரியாது. பாக்காம விட்டுட்டு வா, தெரியும்" என்றார்.

ஆவணியில் பள்ளி இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முதல்நாள் டீச்சர் வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருக்கேன், உங்களுக்குத் தெரியும். நாளைக்கு வர்றவர் நல்லவிதமா எழுதினா கெடைக்கும்னு பெரிய டீச்சர் சொல்றாங்க. மலை எப்படி வந்துதுன்னு கேட்டா பொஸ்தகத்துல இருக்கிறதைச் சொல்லுங்க. பொய் சொல்லச் சொல்லல. பாடத்தை ஒப்பிக்கச் சொல்றேன். ரெண்டு ரயிலு இனிமே முடியலடி."

சரி டீச்சர் என்று எல்லோரும் சொன்னோம். எல்லம்மாவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

இன்ஸ்பெக்டர் கடுமையானவர் இல்லை. அவரைப் பற்றியும் உள்ளபடியே சொல்ல வேண்டும். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார். எல்லம்மாவை எழுப்பி, இமயமலை எப்படி உண்டாயிற்று என்று கேட்டார். அவள் பூமி ஆறியது, சுருங்கியது, பழத்தோல் என்று ஓரெழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று மூச்சுவிட்டோம். உட்காரச் சொல்லக் கையைத் தூக்கியவர், நம் கைகளைப் பார்த்தார்.

"எல்லார் நகத்துலயும் மருதாணி. டீச்சர் கையிலகூட. என்னம்மா விசேஷம், ஊர்த் திருவிழாவா?"

பூகோளக் கேள்விக்குத்தான் எல்லம்மா தயாராக இருந்தாள். இது கேள்வி என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"திருவிழா இல்ல சார். இந்தியா எவ்ளோ தூரம் போயிக்கீதுன்னு பாக்கறதுக்கு."

"எங்கம்மா போச்சு இந்தியா? டிக்கெட் எடுத்துதா?" என்று சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார். எல்லம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. விரல்களை மடக்கிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் விடவில்லை. நிலம் நகர்ந்தால், சுருங்கியது என்று இப்போது சொன்னாயே, இரண்டில் எது சரி என்று கேட்டார். எல்லம்மா டீச்சரைப் பார்த்தாள்.

அப்போது டீச்சர் எழுந்து நின்றார். தலைமையாசிரியையான பெரிய டீச்சர் வந்தபோதும், இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தபோதும் ஒரு நிமிடம் எழுந்து உட்கார்ந்தவர்தான். இம்முறை நின்றே பேசினார்.

"ரெண்டாவது சொன்னதுதான் சார் சரி. நான்தான் சொல்லிக்குடுத்தேன். மொதல்ல சொன்னது பாடத்துல இருக்கு. அதையும் நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

"பாடத்திட்டத்துல இல்லாததை நடத்தியிருக்கீங்க. நிச்சயமா தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கு நிச்சயமா தெரிஞ்சது ரயில் நேரம் மட்டும்தான் சார். ஆனா புத்தகத்துல இருக்கிறதைவிட இது சரியா இருக்குது. மலைமேல சிப்பி ஏன் இருக்குதுன்னு கேட்டா அதுல பதில் இல்ல. இதுல இருக்குது."

அப்படியே நின்றபடி, பாளத்தையும் பால் ஆடையையும் பற்றி அவருக்கும் சொன்னார். மணி அடிக்கும்வரை உட்காரவில்லை. இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார், ஏதோ எழுதிக்கொண்டார், போய்விட்டார்.

எல்லம்மா மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். டீச்சர் அவள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"அழாதடி. உன்னை உக்காரச் சொல்லி, பாடத்துல இருக்கிறதுதான் சரின்னு நான் சொல்லியிருந்தா, அப்புறம் கடம்பத்தூர்ல பாய் போட்டுப் படுத்தாலும் தூக்கம் வருமா? இப்போ ரயில்லயாவது தூங்கறேன்."

ஐப்பசியில் கடம்பத்தூர்ப் பள்ளியின் அந்தக் காலி இடத்துக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் எழுதியதனால்தான் என்று எல்லம்மா நம்புகிறாள். அவர் என்ன எழுதினார் என்பது யாருக்கும் தெரியாது. வேறு காரணம் இருக்கலாம். உண்மையை எழுதுவதாகச் சொன்னேன்; இது எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. டீச்சரிடம் கேட்டபோது, தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே, "அவ்ளோ பெரிய நாடே இந்த வேகத்துலதான் போவுது. என் ஃபைலும் போவும், விடு" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். குரலில் சிரிப்பு இல்லை. அந்த மாதத்தில் பாடத்தின் நடுவிலேயே அவர் கண் மூடிக்கொள்வதை நாம் அடிக்கடி பார்த்தோம். மூடியதும் நாம் சத்தம் போடாமல் அட்லஸ் பார்ப்போம். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடங்குவார்.

செய்தி வந்த மறுநாள் பெரிய டீச்சருடன் எல்லம்மாவும் நானும் கடம்பத்தூர் போனோம். வகுப்புத் தலைவி என்பதால் என்னை அழைத்தார்கள். எல்லம்மாவை யாரும் அழைக்கவில்லை, அவளாக வந்தாள். பேசின் பிரிட்ஜில் ரயிலுக்காக நெடுநேரம் நின்றோம். டீச்சர் அந்தப் பத்திரிகையை எடுத்த பெஞ்சு எது என்று நான் தேடினேன். எல்லா பெஞ்சிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். போய்ச் சேர்வதற்குள் என் கால் கடுத்துவிட்டது, பாவாடையெல்லாம் கரி. இதை அவர் தினமும் இருமுறை செய்திருக்கிறார்.

டீச்சரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கைகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். நகங்களில் சிவப்பு நுனியில் மட்டும் ஒரு கோடாக மிச்சம் இருந்தது.

அவருடைய கணவர் பக்கத்தில் கட்டிலில் சாய்ந்திருந்தார். வாய் சற்றுக் குழறியது. "நகத்துல மருதாணி வெச்ச பொண்ணுங்களா நீங்க?" என்று கேட்டார். எல்லம்மா கட்டிலின் அருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னாலதான் மாத்தல் வரல" என்றாள். "இன்ஸ்பெக்டர்கிட்ட நான்தான் ஒளறிட்டேன். இங்கியே வேலை கெடச்சிருந்தா டீச்சர் ரயில்ல போயிருக்காது."

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு அவளையே பார்த்தார். அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். பேச்சு வரத்தான் நேரம் பிடித்திருக்கிறது.

"அன்னிக்கு வந்து சொன்னா" என்றார். "இன்னிக்கு நின்னுகினு பாடம் நடத்தினேன்னு சொன்னா. வேற ஒண்ணும் சொல்லல. ரெண்டாந்தரம் சோறு போட்டுக்கினா."

பிறகு, "அவ ரெண்டாந்தரம் போட்டுக்கினு பாத்து எவ்ளோ நாளாச்சி" என்றார்.

எல்லம்மா அழவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கும்மிடிப்பூண்டி வந்ததும் நான் எழுப்பினேன். உடனே எழுந்துகொண்டாள். அதற்காக எனக்கு ஏற்பட்ட நிம்மதியையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கூட்டத்தில் பேசியவர்கள் கேட்டுக்கொண்டதுபோல நானும் கேட்டுப் பார்த்தேன். என் நகங்களிலும் நுனியில்தான் சிவப்பு இருக்கிறது. இந்த வாரம் வெட்டினால் போய்விடும். வெட்டாமல் வைத்திருக்கலாம் என்றாள் எல்லம்மா. வைத்திருந்தாலும் ஒடிந்துவிடும். நான் வைத்துக்கொள்வது அவர் நின்றுகொண்டு பேசிய அந்த ஒரு பாடத்தை. இனி நகம் வெட்டும் ஒவ்வொரு முறையும், வெட்டி விழுந்த அளவுக்கு நாம் எல்லோரும் வடக்கே போயிருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன். கடம்பத்தூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே பாளத்தில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே இருக்கும் தூரம் மட்டும் குறையாது.

மழை இன்னும் விடவில்லை. கூட்டத்துக்குப் போட்ட பெஞ்சுகளை அடுக்கிவிட்டார்கள். எல்லம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். டீச்சரின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. பியூன் அண்ணன் சாவிக்கொத்தோடு வாசலில் நிற்கிறார். "எழுதுனது போதும் கண்ணு, ஊட்டுக்குப் போங்க" என்கிறார். இன்னும் ஒரு வரி என்றேன். அவர் வராந்தா விளக்கை அணைத்தார். பிறகு நம் வகுப்பு விளக்கையும் அணைத்துவிட்டார்.